முன்னாள் மாணவர்களும் அடுத்த தெருவும்: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொதுச் சுகாதாரப் பள்ளியின் வெளிப்பணிகள் பற்றி ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் படிக்க விரும்பும் மாணவர் முதலில் விசாரிக்கும் பெயர் பெரும்பாலும் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புளூம்பெர்க் பொதுச் சுகாதாரப் பள்ளியாகவே இருக்கிறது. யு.எஸ். நியூஸ் வெளியிடும் தரவரிசையில் 1994 தொடங்கி நெடுங்காலம் முதலிடத்தில் இருந்துவரும் இப்பள்ளியின் பாடத்திட்டம், கட்டணம், சேர்க்கை விதிகள் ஆகியவை பற்றிய மதிப்புரைகளுக்குக் குறைவில்லை. படிப்பை முடித்து வெளியேறியவர்களோடும், பள்ளியின் சுவரை ஒட்டி வாழ்கிறவர்களோடும் அது எப்படிப் பழகுகிறது என்பதைப் பற்றி எழுதுவோர்தான் குறைவு. வெளியே இருக்கும் மக்களுக்காகவே உருவான ஒரு துறையைக் கற்பிக்கும் இடத்தை மதிப்பிடும்போது அந்தக் கேள்வியை ஓரமாக ஒதுக்கிவிட முடியாது.

நான் அங்கே படித்தவன் அல்லன். தமிழ்நாட்டில் இத்துறையில் பணிபுரிகிறவன் என்ற முறையில் அப்பள்ளி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் இணையப் பாடங்களையும் பாட்காஸ்டையும் இதழையும் பயன்படுத்தியவன். அங்கே படித்துத் திரும்பியவர்கள் சிலரோடு பழகியவன். மற்றபடி பொதுவெளியில் பதிவாகியிருக்கும் வரலாற்றைக் கொண்டே இதை எழுதுகிறேன். என் கணிப்பை முன்கூட்டியே சொல்லிவிடுவது வாசகருக்கு நேர்மையாக இருக்கும்: முன்னாள் மாணவர் உறவையும் சமூகப் பணியையும் தனித்தனி அலுவலகங்களின் வேலையாக வைத்திருக்கும் இடங்களில் இப்பள்ளி சுமாராகவும், இரண்டும் ஒரே வேலையாகிவிடும் இடங்களில் வேறெவரும் எளிதில் எட்ட முடியாத அளவுக்குச் சிறப்பாகவும் செயல்படுகிறது.

தமிழ் வாசகர் உடனே பயன்படுத்தக்கூடியவற்றிலிருந்து தொடங்குகிறேன். 2020 மே மாதம் கோர்செரா என்னும் இணையக் கல்வித் தளத்தில் இப்பள்ளி வெளியிட்ட கோவிட் தொடர்பாளர்களைக் கண்டறியும் பாடம், தொற்றுக்கு ஆளானவரோடு பழகியவர்களைத் தேடிப் பேசி, அவர்களைத் தனித்திருக்கச் செய்யும் வேலையைச் சுமார் ஆறு மணி நேரத்தில் கற்பித்தது. நோய்ப்பரவலியல் ஆய்வாளர் எமிலி கர்லி நடத்திய இந்தப் பாடத்துக்குக் கட்டணம் கிடையாது. நியூயார்க் மாநிலம் அப்போது அவசரமாக வேலைக்கு எடுத்த தொடர்பு கண்டறியும் பணியாளர்கள் இதில் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதித்தது. உலகெங்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் பதிவு செய்தார்கள். பாடத்தின் தொடக்கத்தில் வைரஸைப் பற்றிச் சொல்லப்பட்டவை எங்கும் கிடைக்கக்கூடியவை. அதன் உண்மையான மதிப்பு, தொலைபேசியில் எப்படிப் பேசுவது என்பதை நடித்துக் காட்டிய பகுதிகளில் இருந்தது. ஒரே உரையாடலை முதலில் மோசமாகவும் பிறகு நன்றாகவும் பேசிக் காட்டுவதைப் போலத் தெளிவான பயிற்சி முறை வேறில்லை. யாருடைய பெயரையும் வெளியே சொல்லாமல் எச்சரிக்கை செய்வது எப்படி, வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய வருமானம் போய்விடும் என்று சொல்பவரிடம் என்ன பேசுவது என்பன போன்ற நெறிமுறைக் கேள்விகளையும் அது தவிர்க்கவில்லை.

ஆனால் அந்தப் பாடம் மனத்தில் வைத்திருந்த வீடு அமெரிக்க வீடு. தனி அறையும் தனிக் கழிப்பறையும் இருக்கும், தொலைபேசியில் அழைத்தால் ஆள் கிடைப்பார் என்ற எண்ணத்தின் மேல்தான் அதன் உரையாடல்கள் எழுந்தன. அதே மாதங்களில் சென்னை மாநகராட்சி தெருத் தெருவாகக் காய்ச்சல் முகாம் நடத்தியது. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு மளிகையும் மருந்தும் வாங்கித்தரத் தன்னார்வலர்களை நியமித்தது. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் தனித்திருத்தல் என்பது அரிசி, பால், குழாய்த் தண்ணீர் ஆகியவற்றைப் பற்றிய பேச்சாகத்தான் முடியும். இந்தப் பாடத்தை முடித்த இங்குள்ள பணியாளர்கள் பேசும் முறையைக் கற்றுக்கொண்டு, மற்றவற்றைத் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இலவசமாகக் கிடைத்த ஒன்றில் இவ்வளவு குறை காண்பது நியாயமா என்று கேட்கலாம். உலகம் முழுவதும் சென்று சேரும் என்று அறிந்தே வெளியிடப்பட்ட பாடம் என்பதால், உலகம் முழுவதும் பரவியிருக்கும் தன் முன்னாள் மாணவர்களிடம் உள்ளூர் வடிவங்களைத் தயாரிக்கும் பொறுப்பைப் பள்ளி கேட்டுப் பெற்றிருக்கலாம் என்பதுதான் என் குறை. அவர்கள்தான் அந்தந்த நாட்டின் வீடுகளை அறிந்தவர்கள்.

2020 மார்ச்சில் தொடங்கிய ‘பப்ளிக் ஹெல்த் ஆன் கால்’ பாட்காஸ்டைப் பற்றி எனக்கு அதிகப் புகார்கள் இல்லை. பால்டிமோர் நகரின் சுகாதார ஆணையராக முன்பு பணியாற்றிய ஜோஷுவா ஷார்ஃப்ஸ்டீன் அதன் நடத்துநர்களுள் ஒருவர் என்பதால், ஆய்வு முடிவு ஒன்றைக் கேட்டவுடன் ‘இதை ஓர் அரசு அலுவலகம் நாளைக் காலையில் எப்படிச் செய்யும்’ என்ற கேள்வி அங்கே இயல்பாக எழுகிறது. ஒவ்வொரு பகுதியும் சிறியது. பேச வந்தவரை முடிக்கவிட்டுக் கேட்கிறார்கள். பெரும்பாலான பேச்சு அமெரிக்கக் கொள்கையைச் சுற்றியே நடக்கிறது என்பது உண்மைதான். அதை அறிந்து கேட்டால் ஏமாற்றமில்லை. இங்கே ஒரு சிறு திருத்தமும் தேவைப்படுகிறது: கோவிட் காலத்தில் உலகமே பார்த்த சிவப்புப் புள்ளிகள் நிறைந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வரைபடம் இப்பள்ளியின் படைப்பு அல்ல, அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பள்ளியில் லாரன் கார்ட்னர் தலைமையில் உருவானது. பொதுச் சுகாதாரப் பள்ளிக்கு அந்தப் புகழ் தானாக வந்து சேர்ந்தது.

இனி முன்னாள் மாணவர்கள். நம் ஊர் மருத்துவக் கல்லூரிகளின் வெள்ளிவிழாச் சந்திப்புகளை மனத்தில் வைத்துக்கொண்டு இப்பள்ளியைப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். இங்கே பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டமான எம்.பி.எச். முழுநேரப் படிப்பாக 11 மாதங்களில் முடிந்துவிடுகிறது. படிக்க வருவோரில் பலர் ஏற்கெனவே மருத்துவராகவோ செவிலியராகவோ அரசு அலுவலராகவோ பணியாற்றியவர்கள்; அவர்களுடைய இளமை நட்புகளும் விடுதி நினைவுகளும் வேறு கல்லூரிக்குச் சொந்தமானவை. பகுதிநேரமாக இணையவழியில் பயில்வோரில் பலர் பால்டிமோரில் தங்கி வாழ்ந்ததே இல்லை. இப்படிப்பட்டவர்களைப் பழைய நினைவுகளைக் கொண்டு கட்டிப்போட முடியாது. தொழிலைக் கொண்டுதான் பிணைக்க முடியும்.

இதைப் பள்ளி ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டின்போது முன்னாள் மாணவர்களுக்கென ஒரு மாலைச் சந்திப்பு நடத்துவது வழக்கம். வேலை தேடுபவரும் வேலை தருபவரும் இயல்பாகச் சந்திக்கும் இடம் அதுவே. பள்ளியின் இதழ் வழக்கமான கல்லூரிச் செய்தி மடல்களைவிட எவ்வளவோ மேலானது. பள்ளியைப் புகழ்வதைவிட ஒரு சிக்கலை விளக்குவதற்கு அதிகப் பக்கங்களை ஒதுக்குகிறது. 1924-இல் இங்கே தோன்றிய டெல்டா ஒமேகா என்னும் சிறப்பு மாணவர் சங்கம் பின்னர் பிற பொதுச் சுகாதாரப் பள்ளிகளுக்கும் பரவியது. இவை எல்லாம் ஒழுங்காக நடப்பவை, மறுப்பதற்கில்லை. ஆனால் பணக்காரப் பல்கலைக்கழகம் எதிலும் கிடைக்கக்கூடியவை.

நன்கொடை கேட்கும் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இப்பள்ளிக்குப் பெயர் கொடுத்த மைக்கேல் புளூம்பெர்க், பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவில் 1964-இல் பட்டம் பெற்றவர். பொதுச் சுகாதாரம் படித்தவர் அல்லர். 2001-இல் பள்ளி அவர் பெயரைத் தாங்கியது. பொதுச் சுகாதாரம் படித்தவர்கள் பெரும்பாலும் மாவட்டச் சுகாதார அலுவலகங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் அமைச்சகங்களிலும் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களிடம் பணம் கேட்பதைவிட நேரம் கேட்பதே பொருத்தம். நேரம் கேட்கும்போது இப்பள்ளியின் முன்னாள் மாணவர் உறவு வேறு தரத்துக்கு உயர்ந்துவிடுகிறது. எம்.பி.எச். மாணவர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் அமைப்பில் களப்பயிற்சி பெற வேண்டும் என்பது இத்துறைப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் பொதுச் சுகாதாரக் கல்வி மன்றத்தின் விதி. படித்தது வேலையில் பயன்பட்டதா என்று முன்னாள் மாணவர்களைக் கேட்க வேண்டும், பள்ளியை மதிப்பிடுவதில் சமூகத்தினருக்கும் பங்கு தர வேண்டும் என்றும் அதே மன்றம் கோருகிறது. களப்பயிற்சிக்கு வரும் மாணவரைத் தம் அலுவலகத்தில் ஏற்று, ஒரு வேலையை ஒப்படைத்து, திருத்தி அனுப்பும் முன்னாள் மாணவர், காசோலை அனுப்புகிறவரைவிடப் பள்ளிக்கு அதிகம் தருகிறார். பட்டமளிப்பு மேடைகளிலும் விருது அறிவிப்புகளிலும் இவர்களைப் பற்றிய பேச்சு போதாது என்பது என் மனத்தாங்கல்.

முன்னாள் மாணவரே சமூகப் பணியாக மாறிவிடுவது இங்கே புதிதல்ல. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியால் 1916-இல் நிறுவப்பட்டு, வில்லியம் வெல்ச் தலைமையில் 1918-இல் இன்ஃப்ளுயன்சா கொள்ளைநோயின் நடுவே வகுப்புகளைத் தொடங்கிய பள்ளி இது. தொடக்க ஆண்டுகளில் இங்கே பயின்ற ஹண்டிங்டன் வில்லியம்ஸ் 1931-இல் பால்டிமோர் நகரின் சுகாதார ஆணையரானார். அவர் பொறுப்பில் இருந்தபோதுதான், 1951-இல், வீடுகளின் உட்புறத்தில் ஈயம் கலந்த வண்ணம் பூசுவதற்கு அந்நகரம் தடை விதித்தது. இன்னொரு மாணவர் ஜான் கிராண்ட், பீக்கிங்கில் நகர்ப்புறச் சுகாதார நிலையம் ஒன்றை அமைத்துவிட்டு, கல்கத்தாவிலுள்ள அகில இந்தியச் சுகாதார நிறுவனத்தின் இயக்குநராக வந்தார். இந்தியாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வித்திட்ட, சர் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான குழுவிலும் உறுப்பினராக இருந்தார். 1960-இல் இங்கே பட்டம் பெற்ற டி.ஏ. ஹெண்டர்சன் பெரியம்மை ஒழிப்பை வழிநடத்திவிட்டு 1977-இல் பள்ளியின் தலைவராகத் திரும்பினார். பிறந்த குழந்தையின் நிலையை மதிப்பிடும் அப்கார் அளவீட்டைத் தந்த வர்ஜீனியா அப்காரும் 1959-இல் இங்கே எம்.பி.எச். பெற்றவரே.

இந்தப் பட்டியலில் தமிழ் வாசகர்கள் அதிகம் அறியாத, ஆனால் அறிந்திருக்க வேண்டிய பெயர் மதுரம் சந்தோஷம். புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்து, 1975-இல் ஹாப்கின்ஸில் எம்.பி.எச். பட்டம் பெற்ற இவர், அரிசோனாவின் வெள்ளை மலை அப்பாச்சி பழங்குடி மக்களிடையே வயிற்றுப்போக்கால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்காக வேலை செய்யப் போனார். உப்புச் சர்க்கரைக் கரைசல் ஏழை நாடுகளுக்குரிய மாற்று வைத்தியம், அமெரிக்க மருத்துவமனையில் நரம்பு வழி திரவமே சரி என்று நம்பப்பட்ட காலம் அது. அமெரிக்காவிலும் பனாமாவிலும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளிடம் வாய்வழிக் கரைசலே போதுமானது என்று அவர் குழுவினர் 1982-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பிறகு நவஹோ பழங்குடி மக்களிடையே, ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளைக் கொண்டு, மூளையுறை அழற்சி உண்டாக்கும் ஹிப் கிருமிக்கு எதிரான தடுப்பூசி சோதிக்கப்பட்டது. 1991-இல் வெளியான அதன் முடிவு, இரண்டு மாதக் குழந்தைக்கும் அத்தடுப்பூசி பாதுகாப்பளிக்கும் என்று நிறுவியது. அதே ஆண்டில் அவர் நிறுவிய மையம், இப்போது பூர்வகுடி நலவாழ்வு மையம் என்ற பெயரில் பள்ளியின் அங்கமாக இயங்குகிறது.

பழங்குடி நிலங்களில் பல்கலைக்கழகங்கள் இரத்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு மறைந்துபோன கதைகள் அமெரிக்காவில் உண்டு. இந்த மையத்தை அவற்றிலிருந்து வேறுபடுத்துவது, அது போகாமல் இருந்ததுதான். அதன் களப்பணியாளர்கள் அந்தந்தப் பழங்குடியைச் சேர்ந்தவர்கள். ‘ஃபேமிலி ஸ்பிரிட்’ என்ற திட்டத்தில், பட்டம் பெற்ற செவிலியர்களுக்குப் பதிலாக, அதே ஊரில் பிறந்து பயிற்சி பெற்ற பெண்கள் இளம் தாய்மார்களின் வீடுகளுக்குக் கர்ப்பகாலம் தொடங்கிக் குழந்தைக்கு மூன்று வயது ஆகும்வரை செல்கிறார்கள். நம் கிராம சுகாதாரச் செவிலியரை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. அந்த எளிய உண்மையை உலகின் மிகப் பெரிய ஆய்வுப் பள்ளிகளுள் ஒன்று ஒத்துக்கொண்டு, அளந்து, எழுதிவைத்தது என்பதுதான் செய்தி. 1996 முதல் நவஹோ நாட்டுக்கென்று தனி ஆய்வு நெறிமுறைக் குழு இருக்கிறது. எந்த ஆய்வு நடக்கலாம், முடிவு எப்படி வெளியாகலாம் என்பதை அம்மக்களே தீர்மானிக்கும் இடத்தில் ஒரு பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகள் நீடித்திருப்பதை ஒரு சான்றிதழாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அரிசோனாவில் பெற்ற அந்தச் சான்றிதழ் பள்ளி நிற்கும் வுல்ஃப் தெருவில் செல்லாது. அத்தெரு இருக்கும் கிழக்கு பால்டிமோர், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. அந்நகரின் செல்வம் மிகுந்த பகுதிக்கும் வறுமை மிகுந்த பகுதிக்கும் இடையே சராசரி ஆயுளில் ஏறத்தாழ 20 ஆண்டு வேறுபாடு இருப்பதாக நகரின் சுகாதாரத் துறையே கணக்கிட்டிருக்கிறது. 1932-இல் பள்ளியும் நகராட்சியும் சேர்ந்து இங்கே கிழக்குச் சுகாதார மாவட்டம் என ஒன்றை வகுத்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து, நீண்ட கால ஆய்வுகளுக்குப் பயன்படுத்தின. நோய்ப்பரவலியலின் வளர்ச்சிக்கு அந்தத் தரவுகள் பெரிதும் உதவின. ஆனால், தன் வீட்டுக் கதவைத் தட்டியவர் கேட்டுவிட்டுப் போன கேள்விகளுக்கு விடையாகத் தெருவில் என்ன மாறியது என்று ஒரு குடும்பம் திரும்பிக் கேட்டால் சொல்வதற்கு அவ்வளவு இருந்திருக்காது.

அதன் பின் வந்தவை இன்னும் கசப்பானவை. 1951-இல் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் உயிரணுக்கள் அவர் அனுமதியின்றி எடுக்கப்பட்டன. 1990-களில் ஹாப்கின்ஸோடு இணைந்த கென்னடி க்ரீகர் நிறுவனம், ஈய வண்ணம் முழுதும் நீக்கப்படாத வீடுகளில் குழந்தைகள் வசிக்க, அவர்கள் இரத்தத்தில் ஈயத்தின் அளவைத் தொடர்ந்து சோதித்த ஆய்வை மேரிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001-இல் மிகக் கடுமையாகக் கண்டித்தது. 2003-க்குப் பிறகு, பல்கலைக்கழகம் முக்கியப் பங்காளியாக இருந்த கிழக்கு பால்டிமோர் மறுமேம்பாட்டுத் திட்டத்துக்காக 88 ஏக்கர் நிலப்பரப்பிலிருந்து எழுநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. இவற்றுள் எதுவும் நேரடியாகப் பொதுச் சுகாதாரப் பள்ளியின் செயல் அல்ல என்று சொல்லலாம். சட்டப்படி அது சரியாகவும் இருக்கலாம். மருத்துவமனை, பள்ளி, இணைந்த நிறுவனம் என்று தெருவில் இருப்பவர் பிரித்துப் பார்ப்பதில்லை. அவருக்கு எல்லாமே ஹாப்கின்ஸ். இப்பள்ளியின் சமூகப் பணியை மதிப்பிடும் எவரும் இந்தக் கடனோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அந்தக் கடனை அடைக்க நேர்மையாக முயலும் அலுவலகம் 2005-இல் தொடங்கிய ‘சோர்ஸ்’. பொதுச் சுகாதாரம், மருத்துவம், செவிலியம் ஆகிய மூன்று பள்ளிகளின் மாணவர்களையும் நகரத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட சமூக அமைப்புகளோடு இணைக்கும் இடம் இது. இதன் முறையில் எனக்குப் பிடித்தது, தேவையை அமைப்பே சொல்ல வேண்டும் என்ற விதி. வீடற்றோர் தங்குமிடம் நடத்துபவர், தமக்குத் தேவை சுகாதாரக் கண்காட்சி அல்ல, மானிய விண்ணப்பத்துக்கான தரவுப் பகுப்பாய்வு என்று சொன்னால், மாணவர் அந்தப் பகுப்பாய்வைத்தான் செய்துதர வேண்டும். வகுப்பறைப் பாடத்தையே அவ்வேலையோடு சேர்த்துவிடும் பயிற்சி முறையையும், ஆசிரியர்களுக்கான பயிற்சியையும் இது நடத்துகிறது. ஒரு மாணவரை ஓர் அமைப்போடு ஒரு கல்வியாண்டு முழுவதும் பிணைக்கும் சேவைத் திட்டமும் உண்டு. வார இறுதியில் ஒருநாள் வந்து தெரு கூட்டிப் படம் எடுத்துக்கொண்டு போகும் சேவை முகாம்களை நாம் எவ்வளவோ பார்த்திருக்கிறோம். அதற்கும் இதற்கும் ஒப்பீடே இல்லை.

சோர்ஸின் பலவீனம் அதன் கையில் இல்லாதது. 11 மாதப் படிப்பில் மாணவர் நகரத்தைப் புரிந்துகொள்ளத் தொடங்கும் வேளையில் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிடுகிறார். அடுத்த ஆண்டு வருபவருக்கு அந்த அமைப்பின் பொறுப்பாளர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டும். பயிற்சி பெறுபவர் மாணவர், பயிற்சி தரும் உழைப்பு சமூக அமைப்புடையது என்ற நிலையில், யாருக்கு யார் சேவை செய்கிறார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பே. பால்டிமோரிலேயே வேலை பெற்றுத் தங்கிவிடும் முன்னாள் மாணவர்களை இந்த இடைவெளியில் நிரந்தரப் பாலமாக அமர்த்துவதே தீர்வு என்று வெளியிலிருந்து பார்க்கும் எனக்குத் தோன்றுகிறது. அப்படிப்பட்டவர்கள் அந்நகரில் குறைவாக இருக்க வாய்ப்பில்லை.

இதே சிந்தனை பெரிய அளவில் செயல்பட்டிருக்கும் இடம் 2016-இல், பள்ளியின் நூற்றாண்டில், புளூம்பெர்க் அளித்த 30 கோடி டாலரில் தொடங்கிய அமெரிக்க நலவாழ்வு முன்முயற்சி. போதைப் பழக்கம், சுற்றுச்சூழல், உடல்பருமனும் உணவு முறையும், வளரிளம் பருவத்தினர், வன்முறை ஆகிய ஐந்து துறைகளில் வேலை செய்யும் அமைப்புகளிலிருந்து ஆண்டுக்கு ஐம்பது பேர்வரை ஃபெலோக்களாகத் தேர்ந்தெடுத்து, முழுக் கல்விக் கட்டணத்தையும் ஏற்று, எம்.பி.எச். அல்லது முனைவர் நிலைப் பட்டம் படிக்க வைக்கிறார்கள். தனி ஆளாக விண்ணப்பித்தால் போதாது. அவர் சார்ந்த அமைப்பும் உடன் நிற்க வேண்டும். எம்.பி.எச். முடித்தவர் குறைந்தது ஓராண்டேனும் அந்த அமைப்பிலேயே பணியாற்ற வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர் வேலையில் இருந்தபடியே படிக்கிறார்.

இதன் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கமான உதவித்தொகை, திறமையானவரை அவர் ஊரிலிருந்து பிரித்தெடுக்கிறது. இது திறமையை அந்த அமைப்புக்கே திருப்பி அனுப்புகிறது. பட்டம் பெற்ற அன்றே அவர் முன்னாள் மாணவராகவும் சமூகப் பங்காளியாகவும் ஆகிவிடுகிறார். இரண்டு அலுவலகங்கள் தனித்தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டிய உறவு, சேர்க்கை விதியிலேயே அமைந்துவிட்டது. அதைவிட முக்கியமானது, சிறிய அமைப்பில் அடிமட்ட வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் கட்டணத்துக்கு அஞ்சாமல் அந்த வகுப்பறையில் உட்கார்ந்து, போதை மருந்தால் இறப்பவர்களைப் பற்றிய பாடத்தில் தான் நேரில் கண்டதைச் சொல்ல முடிகிறது என்பது. இப்பள்ளியின் முன்னாள் மாணவர் சேவைகள், சமூகச் சேவைகள் எல்லாவற்றிலும் சிறந்தது எது என்று கேட்டால் தயக்கமின்றி இதைத்தான் சொல்வேன்.

கடல் கடந்த உறவுகளைப் பொறுத்தவரை ஒரு தமிழ்நாட்டு உதாரணம் போதும். பிறந்த குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்தால் இறப்பு குறையுமா என்று அறிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் ஹாப்கின்ஸும் இணைந்து தமிழகக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்ட அந்த ஆய்வில் ஆறு மாதத்துக்குள் நேரும் இறப்பு 22 சதவீதம் குறைந்ததாகக் காணப்பட்டது. பிற நாடுகளின் முடிவுகள் ஒத்துப்போகாததால் உலக சுகாதார நிறுவனம் பின்னர் இதைப் பரிந்துரைக்கவில்லை. முடிவு எப்படியாயினும், கட்டுரையின் முதல் ஆசிரியர் மதுரையைச் சேர்ந்த மருத்துவர் என்பதையும், களம் முழுவதும் உள்ளூர் நிறுவனத்தின் கையில் இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். வெளிநாட்டுப் பள்ளியோடு கைகோக்கும் நம் நிறுவனங்கள் இதைக் குறைந்தபட்ச நிபந்தனையாகக் கேட்கலாம்.

அந்தக் கடல் கடந்த பணிகள் 2025-இல் பெரிய அடி வாங்கின. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமை கலைக்கப்பட்டதில், 80 கோடி டாலருக்கும் மேற்பட்ட நிதியைப் பல்கலைக்கழகம் இழந்தது. 44 நாடுகளில் 1,975 பணியிடங்களும் அமெரிக்காவில் 247 பணியிடங்களும் நீக்கப்பட்டன. பொதுச் சுகாதாரப் பள்ளியும், 1988 முதல் அதனோடு இயங்கிவரும் தகவல்தொடர்புத் திட்ட மையமும், தாய்சேய் நலப் பணிகளைச் செய்யும் ஜைபைகோவும் நேரடியாகப் பாதிக்கப்பட்டவை. சமூகப் பணி ஒற்றை அரசின் நிதியில் நின்றிருந்தால் என்ன ஆகும் என்பதை வெளிநாட்டு ஊழியர்கள்தான் முதலில் அறிந்தார்கள். அந்த நாடுகளில் இருக்கும் முன்னாள் மாணவர்களை வேலை இழந்தவர்களுக்குத் துணையாக நிறுத்த முடிகிறதா என்பதில்தான், மாநாட்டு மாலைகளில் வளர்த்த அந்த வலைப்பின்னலின் தரத்தை இனிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்க எண்ணுவோருக்குச் சில குறிப்புகள். புளூம்பெர்க் ஃபெலோ திட்டம் அமெரிக்காவில் பணிபுரியும் அமைப்புகளுக்கானது. இங்குள்ள தொண்டு நிறுவனத்தின் பெயரில் அதை எதிர்பார்க்க வேண்டாம். இணையப் பாடங்களும் பாட்காஸ்டும் எவருக்கும் பயனுள்ளவை. பட்டம் எடுக்காமலே கற்க விரும்பும் மாவட்ட அளவிலான அலுவலருக்கு அவையே போதுமானதாகவும் இருக்கலாம். இணையவழியில் எம்.பி.எச். படிப்பவருக்கு மேலே சொன்ன கிழக்கு பால்டிமோர் அனுபவம் பெரிதாகக் கிடைக்காது என்பதை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். நேரில் போவதானால், முதல் பருவத்திலேயே சோர்ஸ் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் பருவத்துக்குத் தள்ளிப்போட்டால் 11 மாதம் உங்களுக்காகக் காத்திராது. சேர்க்கைக்கு முன் பள்ளியோடு பேச வாய்ப்புக் கிடைத்தால், களப்பயிற்சிக்கு மாணவரை ஏற்கும் முன்னாள் மாணவர்கள் இந்தியாவில் எவரெவர், எந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.